செஸ்ட்நட் மரத்துப் பெருக்கல் குறி

அன்புள்ள தங்கைக்கு,

வசந்தம் வந்தும் நடைப்பயணிகள் யாரும் உன் சூப்புக் கடைப் பக்கம் வரவில்லை, கடையை மூடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

எரிமலை மேட்டிலிருந்து அல்லியே ஆற்றின் மலையிடுக்கு வரை பாதைக்கு வழிக்குறி தீட்டுவது இப்போது என் பேத்தி ஸோலென்தான். இருபத்து நான்கு வயதில் எவ்வளவு பெரிய பொறுப்பு! நேற்று நானும் கூடப் போயிருந்தேன்; உன் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் நின்று சிரித்தாள்.

"பாட்டி, இந்தப் பக்கம் போகாதேன்னு செஸ்ட்நட் மரத்துல யாரோ பெருக்கல் குறி போட்டிருக்காங்க. நம்ம கோழிக்கூட்டுப் பெயின்ட் மாதிரியே இருக்கே?"

"உனக்குக் கண்ணு ரொம்பத்தான் தெரியுதுடி," என்றேன்.

அம்மாவின் வீடு உன் பெயருக்குப் போன கோபத்தில் என் கை செய்த வேலை அது. இன்று காலை அதை நானே சுரண்டி எடுத்துவிட்டேன்.

ஞாயிறன்று அந்த வழியில் முதலில் இறங்கி வரப்போவது நான்தான். அதுவரை கடையை மூடாதே. பருப்பு சூப்பில் உப்பு கூடினால் சொல்லத்தான் செய்வேன்.

உன் பிடிவாதக்கார அக்கா