பதினோரு அடி மூன்று அங்குலம்

அப்பா,

இன்று காலை ரஹாங்கில் நம் வாடகை வீட்டின் பின்பக்கம், அம்மா துணி காயப்போடும் உங்கள் கோலை இறக்கி இரும்பு டேப் வைத்து அளந்தேன். பதினோரு அடி மூன்று அங்குலம். மறுமுனையிலிருந்தும் அளந்தேன். அதே மூன்று அங்குலம் நின்றது.

"ஈரத்துணிய எங்கடா போடுறது? கொம்ப வச்சுக்கிட்டு என்னா ஆராய்ச்சி லா?" என்று அம்மா நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்தபடி கதவருகே நின்று கத்தினார்.

நீங்கள் எஸ்டேட்டில் மண்டோராக, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்தபோது கன்று நட இடம் குறித்த கோல் அது. எல்லாரும் பதினோரு அடிக் கோல் என்றார்கள். அந்த மூன்று அங்குலம் ஏன் என்பது இன்று நினைவுக்கு வந்தது. "மேட்டுல அளக்குற கோலு நாலு விரல் கூடுதலா இருக்கணும்டா. சரிவு தின்னுரும்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். பன்னிரண்டு டிகிரி சரிவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் லுக்குட் பக்கத்தில் நமக்குக் கிடைத்த வீட்டு மனை, அந்த லோட், சமதரை.

எஸ்டேட்டை விற்றபோது ஆறு குடும்பத்துக்கு ஒரே வரிசையில் ஆறு லோட் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி அகலம். மண்ணை நிரவிய இயந்திரம் எல்லைக் கற்களைப் புதைத்துவிட்டது. ரோட்டோரம் முதல் கல் மட்டும் வெளியே தெரிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சர்வேயரைக் கூப்பிடலாம் என்றவர்களிடம், "மண்டோர் கோலு இருக்கறப்ப எதுக்குக் காசு?" என்றீர்களாம். வீட்டுக்கு இரண்டு கோல் என்று அந்த முதல் கல்லிலிருந்து அளந்து கொடுத்தீர்கள். மண்டோர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்று நமக்குக் கடைசி லோட்டை வைத்துக்கொண்டீர்கள். அதை நான் பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஆறு அங்குலம் கூடுதல். ஐந்து வீட்டுக்கு முப்பது அங்குலம். நமக்கு அந்தப்பக்கம் பெரிய கால்வாய், அது நகராது; அத்தனையும் நம் லோட்டில்தான் குறைந்தது. அவர்கள் ஐந்து பேரும் அப்போதே வீடு கட்டிவிட்டார்கள். நாம் மரவள்ளி நட்டுக் காத்திருந்தோம், நான் வேலைக்குப் போகும்வரை.

தப்பு யாருக்கும் வரும். கட்டட வேலை சைட்டில் நானே தூணைத் தள்ளிக் குறித்து இடித்துக் கட்டியிருக்கிறேன். என் கோபம் அளந்ததில் இல்லை.

எட்டு மாதம், ஞாயிறுதோறும், நாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வீட்டை வரைந்தோம். பேங்க் இவ்வளவுதான் தரும் என்று சொல்லிவிட்டது. அதற்குள் அம்மாவுக்குக் கீழேயே அறை, படி இல்லாத குளியலறை, ஊன்றுகோலோடு திரும்ப மூன்றரை அடி நடைவழி. அம்மாவின் முழங்கால் இனி மாடி ஏறாது. இந்த வாடகை வீட்டின் இரண்டு படிக்கே மூச்சு வாங்குகிறது. அதற்காகத்தான் அந்த வீடு. நான் ஓடு விலை, கம்பி விலை என்று அடித்துத் திருத்திக்கொண்டிருப்பேன். நீங்கள் பழைய காலண்டர் அட்டையை வெட்டிக் கட்டில், பீரோ, சாமி மேடை என்று செய்து என் வரைபடத்தின் மேல் நகர்த்துவீர்கள். "அம்மா கட்டிலு சன்னல் பக்கம் வையி. வாசல்ல போறவங்கள நாலு கேள்வி கேக்கலன்னா அவளுக்குச் சோறு இறங்காது." அடுக்களையிலிருந்து அம்மா, "எனக்குக் கேக்குது!" என்பார்.

ஒரு ஞாயிறு, கையில் கட்டில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஏண்டா, பத்தொம்பதரை அடியில இதெல்லாம் அடங்காதா?"

நான் நிமிரக்கூட இல்லை. "நெலம் இருபத்திரண்டுப்பா. கிராண்டுப் பத்திரத்துல இருக்கு. எதுக்குக் கொறைக்கணும்? சும்மா குழப்பாதீங்க லா."

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றீர்கள். அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தீர்கள்.

எந்த மனுஷன் சும்மா பத்தொன்பதரை என்று கேட்பான்? இருபதா என்று கேட்பான், பதினெட்டா என்று கேட்பான். அந்த அரை அடி அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டீர்கள். காலையில் கோப்பி குடித்தவர் மதியச் சாப்பாட்டுக்கு இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின், அப்பா ஆசைப்பட்ட வீடு என்று நான் இன்னும் வேகமாக ஓடினேன். போன மாதம் அஸ்திவாரத்துக்குக் குறிக்க சர்வேயரைக் கூட்டிப்போனேன். அவர் கருவியில் பார்த்து, தோண்டச் சொன்ன இடம் பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தையின் துணி துவைக்கும் தரை. சிமெண்டை ஒரு மூலையில் உடைத்தோம். எல்லைக் கல் அங்கேதான் இருந்தது, அவர்கள் சுவருக்கு உள்ளே, முப்பது அங்குலம் தள்ளி.

நான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் ஆரம்பித்தேன். எங்கோ தப்பு நடந்திருக்கிறது, உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்று. அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உங்கப்பாரு ஒன்னும் சொல்லலியா தம்பி?"

"என்ன சொல்லணும்?"

"போன வருசமே இங்க வந்து உக்காந்தாரே. கோலு தப்பாப் போச்சு லெட்சுமி, மேட்டுக் கோல எடுத்துக்கிட்டு வந்துட்டேன்னு. நான் அழுதுட்டேன், இடிக்கணுமான்னு. யாரும் ஒரு கல்லையும் இடிக்க வேணாம், எம் மவன் சின்னதா வரைஞ்சுக்குவான், அவன்கிட்ட நானே பேசிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்கன்னாரு. அஞ்சு வீட்டுலயும் சொல்லிட்டுத்தான் போனாரு."

அஞ்சு வீட்டிலும். தெரியாதது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்.

"இடிக்கிறதுன்னா இடிச்சுக்கோப்பா. அன்னிக்கு அந்தக் கோலோட மறுமுனையப் புடிச்சது நான்தான். நானும் கூட்டாளிதான்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் காரில் ஏறினேன். வக்கீலுக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதினேன். சட்டம் என் பக்கம்தான், அப்பா. ஆனால் அத்தை சுவர் பின்னால் போனால் அவருக்கு அடுத்தவர் சுவர் போக வேண்டும், அப்புறம் அடுத்தது, ரோட்டுவரைக்கும். ஐந்து வீட்டை உடைத்து அம்மாவுக்கு ஓர் அறை கட்ட முடியாது. அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என் பேரில் வாக்குக் கொடுத்தீர்கள். என் பென்சில், என் லோன், என் எட்டு மாதம். ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் என்னிடம் சொல்லவில்லை. மண்டோர் கோல் தப்பாது என்ற பெயரை மகனிடம் மட்டும் காப்பாற்றிக்கொண்டீர்களா? நான் கத்துவேன் என்று பயந்தீர்களா? கத்தியிருப்பேன். ஒரு வாரம் கத்திவிட்டு வரைந்திருப்பேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அம்மாவின் அறையையும் நடைவழியையும் தொடவில்லை. ஹாலைக் குறுக்கினேன், படியைப் பின்னால் தள்ளினேன், என் மேசைக்கு வைத்திருந்த இடம் போயிற்று. புதுக் கணக்கைப் பார்த்த கொன்டிராக்டர், "செலவு குறையுது பாஸ், சந்தோசம்தானே?" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இன்று கோலை அளந்து முடித்ததும் அம்மாவிடம் சொன்னேன். உங்களைப் போலக் கேள்வியாகக் கேட்கவில்லை. "அப்பா அளந்தது தப்பும்மா. நம்ம நெலம் பத்தொம்பதரைதான். அவருக்குத் தெரியும், நம்மகிட்ட சொல்லல."

அம்மா ஈரச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அதான் லோட்டுக்குப் போனா அந்த மனுசன் வேலிப்பக்கம் திரும்பவே மாட்டாரா?" என்றார். சட்டையை ஒருமுறை உதறிவிட்டு, "கட்டிலு சன்னல் பக்கம்தானே?"

"ஆமாம்மா."

"அப்பக் கொம்பக் கட்டு."

கட்டிவிட்டேன். அளவு தப்பான கோலில்தான் உங்கள் பழைய சட்டையும் காய்கிறது. அம்மா அதை இன்னும் துவைக்கிறார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இப்போது சைட்டில் யாராவது, "இது கொஞ்சம் கொறைஞ்சா பரவால்லையா பாஸ்?" என்று கேட்டால், நான் நிமிர்கிறேன். பதில் சொல்வதற்கு முன், "ஏன் கேக்குறீங்க?" என்கிறேன். சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். இதை நீங்கள் எனக்குக் கற்றுத்தரவில்லை. நீங்கள் மறைத்ததிலிருந்து நானாக எடுத்துக்கொண்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அடங்கும், அப்பா. பத்தொன்பதரையில் எல்லாம் அடங்கும். கட்டில், பீரோ, சாமி மேடை, எல்லாம். அன்றைக்கே அடங்கியிருக்கும்.