பத்துக் கேள்விக்கும் "இன்னும் இல்லை"

யஸ்த்,
புதன்கிழமை

அன்பு மகள் பர்தீஸுக்கு அப்பா எழுதுவது. உடம்பைக் கேட்டால் இங்கே எல்லோரும் சுகம், அந்த ஹாலந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன். மனசை மட்டும் கேட்காதே. மூன்று நாளாக வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாம் உன் கேள்வித்தாளால். வெளிநாட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதிக்க எழுதினதை நம் பாரசீகம் பேசும் பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி மாற்றுகிறோம் அப்பா என்று இரண்டு வருஷம் போனில் பெருமை பேசினாயே, அது நம் தெரு சுகாதார மையத்துக்கு வந்துவிட்டது, வந்த வாரமே உன் அண்ணன் மகள் தெர்மேயைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சி பின்தங்கியிருக்கிறதாம், சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நடந்ததைக் கேள். உன் அண்ணன் சியாமக் தெஹ்ரானுக்குப் போயிருந்தான், உன் அண்ணி ஹெங்காமேக்கு அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, அதனால் நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். நீள பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், ஒருத்தி கண் இன்னொருத்தி பிள்ளை மேல். அவர்கள் நடுவில் நிறுத்திவைத்து அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஹாஜி, புள்ள ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுதா? கட்டைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குதா?" என்கிறாள். எந்த மடையன் ஆமாம் என்பான்? பக்கத்தில் இருந்தவளின் பையனுக்கு இன்னும் நிற்கவே வரவில்லை, அவள் என் வாயையே பார்க்கிறாள். "எங்கேம்மா, இன்னும் இல்ல" என்றேன். பத்துக் கேள்விக்கும் அதேதான். நீ நடக்க ஆரம்பித்தபோது உன் அம்மாவும் "எங்க நடக்குறா, விழுந்துகிட்டுத்தான் இருக்கா" என்றுதான் தெருவுக்குச் சொன்னாள். இஸ்பந்து விதைப் புகை போட்டுக் கண்ணேறு கழித்து வளர்ந்தவள்தானே நீ? நாலு பேர் முன்னால் பிள்ளையின் சமர்த்தை நம் ஆட்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாதா? கேள்வித்தாளில் பனிப்பொம்மைப் படத்தை எடுத்துவிட்டு மாதுளம்பழம் போடத் தெரிந்தது, கதவைச் சாத்தித் தனியாகக் கேளுங்கள் என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை. படித்து என்ன கிழித்தாய்?

சீட்டைப் பார்த்ததிலிருந்து ஹெங்காமே சாப்பிடவில்லை. "வேலை வேலைன்னு ஓடி நானே எம்புள்ளையக் கெடுத்துட்டேன் மாமா" என்று அழுகிறாள். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்தாயிற்று, பள்ளிக்கூடத்துக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை, சனிக்கிழமை திறந்ததும் கொடுத்துவிடுவாள். "என்ன பண்ணிப் பாத்தாங்க மாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "கட்டையக் குடுத்து, பேச்சுக் குடுத்து, எல்லாம் பண்ணித்தான் பாத்தாங்க" என்றேன். பொய். யாரும் ஒன்றும் செய்து பார்க்கவில்லை, என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன். வீட்டில் வாயாடுகிற பிள்ளை அங்கே ஊமையாய் நின்றதா என்று அவள் இன்னும் அழுதாள். இருபத்தெட்டு வருஷம் மஷ்ஹதுக்கு பஸ் ஓட்டினவன், ஒரு பொய்யை நிறுத்த இடம் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேல் வரவேண்டியது, அதுவும் எனக்குத் தெரியும்.

இதோ, எழுதும்போதே தெர்மே என் தேநீர்த் தட்டில் சர்க்கரைக் கட்டிகளை அடுக்குகிறாள். எட்டு. "தாத்தா, பாரு" என்கிறாள். பிள்ளையின் சமர்த்தை முதல் தடவையாக எழுத்தில் வைக்கிறேன், கண்ணேறு படாதிருக்கட்டும்.

இறைவன் உன்னைக் காக்கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. அந்த ஒரு வரியை மறக்காமல் தாளில் சேர்த்துவிடு. வழக்கம்போல இந்தப் பக்கங்களையும் உன் அண்ணிதான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், எழுத்து தெளிவாய் விழுந்ததா என்று ஒரு வரி விடாமல் படித்துப் பார்ப்பாள். ஆகவே ஹெங்காமே, மகளே, பையிலிருக்கும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நாளைக் காலை மையத்துக்குப் போவோம், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பத்துக்கும் நீயே பதில் சொல். திட்டுவதென்றால் இப்போதே வா, சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் இருவர் முன்னாலும் தலைகுனிந்து,
எஸ்கந்தர்