தனத்தின் விண்ணப்பத்தில் நான் எழுதியது

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
12-4-1958

அன்புள்ள மகன் மாசிலாமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜபல்பூரில் நீயும் ஜானகியும் குழந்தையும் அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, இன்னும் பதில் போடவில்லையா என்று உன் அம்மா தினமும் என்னைப் பிடுங்குகிறாள். போடக்கூடாது என்றில்லை, உட்கார்ந்தால் கை வரவில்லை.

உன் தங்கச்சி தனம் நாலாவது முடித்துவிட்டாள். போன சனிக்கிழமை கடைசி நாள், அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானே போய் அழைத்து வந்தேன். கணக்கில் இவள்தான் முதல் என்று ஜோசஃபின் டீச்சர் எல்லோர் எதிரிலும் சொன்னார்கள், இவள் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் இனி நோட்டுப் புஸ்தகம்தான் என்று சிலேட்டைக் கழுவிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். உனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டைப் பறிகொடுத்துக் கடைசியாகத் தங்கினது இவள், இனிமேல் இந்த வீட்டில் சிலேட்டு பிடிக்க யாரும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நாளில் எனக்கு வீடு காலி செய்கிற மாதிரி இருந்தது. உன் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை.

மனக்கஷ்டம் அதுமட்டுமல்ல. மிடில் ஸ்கூலில் சேர்க்க விண்ணப்பத்தை டீச்சரே வாங்கி வைத்திருந்தார்கள். பேர், வயது எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன், மதம் ஜாதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நீ ஜபல்பூர் போன மறுவருஷம் நாங்கள் பௌத்தரானது உனக்குத் தெரியும், அன்றிலிருந்து நான் வேறு எதையும் எழுதினதில்லை. டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, பௌத்தம் என்று போட்டால் ஸ்காலர்ஷிப், சலுகை எதுவும் கிடைக்காது, பழைய ஜாதியையே போடுங்கள், யார் வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். மில்லில் இப்போது வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, சலுகை இல்லாமல் இவளைப் படிக்கவைக்க என்னால் ஆகாது. படிக்கவில்லை என்றால் இந்தத் தெருப் பெண் பிள்ளைகளைப் போல மணைப்பலகை முன்னால் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்ட வேண்டியதுதான், பத்து வயதில் அந்த வத்தி மாவில் கலக்கிற கரி விரல் இடுக்கில் ஏறினால் அப்புறம் போகாது. நீ அனுப்புகிறேன் என்பாய், வேண்டாம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ படுகிற பாடு எனக்குத் தெரியாதா. உன் அம்மாவோ, பேரை எழுதினா பேனாவா தேஞ்சிடும், எழுதிட்டு வாய்யா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அவளுக்கென்ன, பௌத்த சங்கத்தில் காரியதரிசி நான். போன வருஷம் நம் எதிர்வீட்டு சின்னப்பா அவன் மகனுக்கு இதே மாதிரி பழைய ஜாதியை எழுதிக் கொடுத்தான் என்று பௌர்ணமிக் கூட்டத்தில் எழுந்து நின்று, விட்ட இடத்துக்கே போய்க் கையேந்துகிறாயே வெட்கமாக இல்லையா என்று கேட்டவன் நான்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் இன்றுவரை சங்கத்துப் பக்கம் வரவில்லை. பெரிய யோக்கியன் மாதிரி பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் நானும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், மணி. கடிதத்தின் தலையில் நமோ புத்தாய என்று போடுவேனே, இன்று போட மனம் வரவில்லை.

எழுதும்போது தனம் பக்கத்திலேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். திரும்பி வருகிற வழியில், நாம மாறிட்டோம்னு சொன்னியே அப்பா, அது பள்ளிக்கூடத்துக்கு இல்லையா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். வெயிலாக இருக்கிறது, சீக்கிரம் நட என்றேன்.

அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. உன் விண்ணப்பத்திலும் அதே ஜாதிப் பேரை நான்தான் எழுதினேன், அப்போது யோசிக்கக்கூட இல்லை. நீ மிடில் ஸ்கூலில் இருக்கும்போது மாதத்தில் ஒரு நாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்வாய், கள்ளன் என்று திட்டி நான் முதுகில் ஒன்று வைத்துத் துரத்திவிடுவேன். மாதம் ஒரு நாள் ஸ்காலர்ஷிப் பிள்ளைகளைத் தனியாக எழுந்து நிற்கச் சொல்லி, ஜாதியைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று இந்த வாரம்தான் சின்னப்பாவின் மகன் சொன்னான். உனக்கு வயிற்று வலி வந்தது அந்த நாளில்தானா? நீ ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அது என் தப்பு. இப்போது கேட்கிறேன், எழுந்து நின்றபோது உனக்கு எப்படி இருந்தது, எத்தனை நாளில் பழகியது, பழகவே இல்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவளிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அங்கே வெயில் ஏறியிருக்கும், தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே. ஜானகியை எண்ணெயில் பூண்டு காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இருக்க வேண்டும். பதிலை மறக்காமல் மில் விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வருகிற கடிதத்தை இப்போதெல்லாம் தனம்தான் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாதுரை