பம்பிங் நல்லாருக்குன்னு சொன்னியே, அண்ணே

அண்ணே,

நம் தெருமுனையில் ஆடிச்சுற்றுக்காரர்களுக்கு மோர் ஊற்றுகிறார்கள். பெருங்காய வாசனை அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தி, நேர்ந்துகொண்டபடி கோயிலைச் சுற்றி முடிக்கிற கூட்டம், வேர்த்து ஒழுக நின்று வாங்கிக் குடிக்கிறது. அதில் நீ இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க உன்னோடு திருநெல்வேலிக்கு வந்தவள் நான்தான். டாக்டரம்மா படம் போட்டே காட்டினார். "பம்பிங் நல்லாத்தான் இருக்கு. ஆனா வயசாக வயசாக பெரிய ரத்தக்குழாய் இறுகிட்டு வரும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி உங்க இதயமும் விறைச்சிருக்கு. விரிஞ்சு கொடுத்து ரத்தத்தை வாங்க மாட்டேங்குது. பிரஷர் மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது." நீ மண்டையை மண்டையை ஆட்டினாய். திரும்பி வரும்போது பஸ் பனவடலிசத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம், "நமக்கு பம்பிங் நல்லாருக்காம் அண்ணாச்சி. மத்ததெல்லாம் வயசானா எல்லாருக்கும் வாரதுதான்" என்று பெருமை அடித்தாய்.

வயசானால் வருவது என்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று யார் சொன்னது? கண் மங்கியதும் கண்ணாடி போட்டாய். பல் விழுந்ததும் செட் கட்டினாய். வெளியே தெரிகிறதுக்கு மட்டும்தான் வைத்தியமா?

அந்த வருஷ ஆடி பிறந்தது. வெறும் வயிற்றோடு சுற்று, மாத்திரை வாயில் பட்டால் விரதம் கெட்டுவிடும் என்று நிறுத்திவிட்டாய்.

"அம்மனைச் சுத்துதேன்ட்டி. அவ பாத்துக்கிட மாட்டாளா?"

"அம்மனா உன்ட்ட மாத்திரையை விடச் சொன்னா?" என்று கத்தினேன். விரதக்காரரைத் திட்டாதே என்று மதினி என் வாயைப் பொத்தினாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

தெற்கு ரத வீதியில் மூச்சு முட்டி உட்கார்ந்தாய். நெஞ்சில் நீர் கோத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ தாங்கவில்லை. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம், "அம்மனைச் சுத்தும்போதே போயிட்டாரு, புண்ணியச் சாவு" என்றார்கள். ஒவ்வொருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது.

இந்த வருஷம் நானும் சுற்றுகிறேன். எனக்கும் குழாய் இறுகத் தொடங்கியிருக்கிறது என்று அதே டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்று காலை, முதல் சுற்றுக்கு முந்தி, கோபுர வாசலில் எல்லோரும் பார்க்க நின்று மாத்திரையை முழுங்கினேன்.

"விரதத்துல மாத்திரையாக்கா?" என்று கூட வந்தவள் முகம் சுளித்தாள்.

"எங்க அண்ணன்ட்ட போய்க் கேளு" என்றேன்.

அம்மன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். உன்னைத் திட்டித் தீர்க்க எனக்கு இன்னும் நிறைய வருஷம் வேண்டும், அண்ணே.