போளூர் என்று சொன்ன வாய்

என் அம்மாவுக்கு,

இதை யாரும் உனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். எழுதும்போதே என் உதடும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. நீ எப்போதும் போல என் வாயைப் பார்த்துக்கொள், போதும்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. அப்பா சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கப் பழகிவிட்டார், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முகச்சுளிப்பு. எதிர் மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. நம் சமையலறை ஜன்னலில் இப்போது பாதி மலைதான். நான் இன்னும் செங்கம் ரோட்டுப் புத்தகக் கடையிலேயே இருக்கிறேன்.

போன வாரம் கடைக்கு மார்த்தா வந்தார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வயதான வெள்ளைக்காரர். அவருடைய தாத்தா, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன கப்பலில் டாக்டராக இருந்தவராம். சொந்தமாக ஒரு சினிமா கேமரா வைத்திருந்திருக்கிறார். வீட்டை விற்கும்போது பரணில் ஒரு தகர டப்பா கிடைத்திருக்கிறது. உள்ளே இருந்த சுருளை மார்த்தா கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆறு நிமிடப் படம், ஊமைப்படம். டப்பாவின் மேல் தாத்தா ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, 'பாடும் கூலிகள்'. சனிக்கிழமை விடுதி மாடியில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லி, தலைப்பைத் தமிழில் எழுதித்தரக் கேட்டார்.

முதலில் வெறும் கடல், மேலும் கீழுமாக. பிறகு கப்பல் தளத்தில் மூட்டைமேல் தலைவைத்துப் படுத்திருக்கும் ஆட்கள். கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஒரு பெண். அதன் பிறகு ஒரு வரிசை. ஒவ்வொருவராக முன்னால் வந்து, நம்மைப் பார்த்த மாதிரி நின்று, வாய் திறக்கிறார்கள். பாட்டு என்று மார்த்தா சிரித்தபடி சொன்னார். சின்ன வயதிலிருந்து அவருக்குச் சொல்லப்பட்ட கதை அது.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வருபவர்களை முப்பது வருடம் வரிசையில் நிறுத்திய மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாட்டுன்னு யாரு சொன்னது? பாடுறவன் எங்கனா இப்படிக் கையக் கட்டினு நிப்பானா? பேரு, அப்பன் பேரு, ஊரு. மூணு கேள்வி, மூணு பதிலு. திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் பார்த்த வாயி பாப்பா இது."

அதன் பிறகு நான் பார்த்தது வேறு படம். ஓரத்தில் ஒரு மேசை முனை தெரிந்தது, எழுதும் ஒரு கையும். ஒவ்வொரு வாயும் மூன்று முறை அசைந்து மூடியது.

நீ இருந்திருந்தால் ஒரே பார்வையில் படித்திருப்பாய். ஏழு வயதுக் காய்ச்சலில் காது போனதிலிருந்து உனக்கு உலகமே ஊமைப்படம்தானே. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் உட்கார்ந்து, எதிர்சாரியில் நடக்கிறவர்களின் சண்டையை எனக்குச் சொல்வாயே, நினைவிருக்கிறதா? "மோட்டார் நிறுத்தாம வந்துட்டாளாம் அவ. அவரு பாதி மலை சுத்தியும் அதையே சொல்லினு வர்றாரு." குரல் இல்லாமல், உதட்டாலேயே சொல்வாய். டப்பிங் படம் போட்டால் மட்டும் உனக்குக் கோபம் வரும். வாய் ஒன்று சொல்கிறது, முகம் ஒன்று சொல்கிறது என்று டிவியை அணைத்துவிடுவாய்.

உன்னிடம் கற்றதில் பாதிதான் எனக்கு வரும். பெயர்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வரிசையில் ஆறாவதாக ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மூன்றாவது கேள்விக்கு உதட்டை மூடி, திறந்து, அப்படியே குவிக்கிறாள். நான் படத்தை நிறுத்தினேன்.

அது உன் போளூர், அம்மா. நீ பிறந்த ஊரைச் சொல்லும்போது உன் வாய் போகும் அதே வழி.

எழுதுகிறவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. அவள் மறுபடி சொல்கிறாள், இன்னும் பெரிதாக உதட்டைக் குவித்து. மூன்றாவது முறை வாய் திறக்கும்போது, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி குறுக்கே வந்து அவளுக்காக என்னவோ சொல்லிவிடுகிறான். அவன் முதுகுதான் தெரிகிறது. கை எழுதிக்கொள்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. போளூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் நீதான் கேட்பாய். குரல் சரியாக வராமல், உதட்டைப் பெரிதாக்கி, இரண்டு முறை, மூன்று முறை. அன்றைக்குப் பின்சீட்டில் என் வகுப்புப் பெண்கள் இருந்தார்கள். நீ வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ரெண்டு போளூர்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் நீ டிக்கெட் கேட்டதில்லை. உதவி என்று எடுத்துக்கொண்டாயா? இல்லை, பின்சீட்டைப் பார்த்துவிட்டாயா? பார்த்திருப்பாய். உன் கண்ணுக்குத் தப்பியது எது?

மறுநாள் மார்த்தாவிடம் சொன்னேன். உறுதியாகத் தெரியுமா என்று இரண்டு முறை கேட்டார். கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவின் மேல் தாத்தாவின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை என்பது உறுதி, ஊர் உறுதியில்லை என்றேன். மோரூர் என்று சொன்னாலும் உதடு அப்படித்தான் போகும். அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகச் சொல்லாதே, மறுபடி கேள் என்பாய். படத்தைத் திருப்பிப் போட்டு அவளை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த முதுகு வந்துவிடுகிறது. கடைசியில் மார்த்தா டப்பாவை மூடி, "நீ பார்த்ததை எழுது" என்று என்னிடம் சொன்னார்.

'பெயரும் ஊரும் சொல்கிறார்கள்' என்று எழுதிக்கொடுத்தேன். அவள் வரும் காட்சிக்குக் கீழே, 'போளூராக இருக்கலாம்'.

சனிக்கிழமை நானும் அப்பாவும் போகிறோம். அவள் வரும் இடத்தில் படத்தை மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு அம்மா. இனி என் முன்னால் யார் வாய் திறந்தாலும், எத்தனை முறை ஆனாலும், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தாலும், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

போளூர்க்காரியின் மகள்,
உன் பாப்பா