ஒன்பது என்று நான் எழுதிய ஸ்டாப்பருக்கு

என் குணா,

1984 செப்டம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு பத்து. எண்ணிக்கை பதினேழு. நம் கால்பந்துக் கிளப்பில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் வேலு இன்றைய ஆட்டத்தில் பதினேழு தடவை சறுக்கி விழுந்து எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்தான். பதினேழு தடவையும் கைதட்டல். நாம் மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

நீ செத்து ஆறு மாதம் ஆகிறது. கிளப்பின் போட்டி மலரில் உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் செயலாளர். "நல்ல புள்ள, அமைதியான புள்ளன்னு போடுங்க தம்பி, போதும்" என்றார். எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ என் அத்தை மகன். வயல்வேலை போக மீதி நேரமெல்லாம் தலத்தெருவில் எங்கள் வீட்டில்தான் கிடப்பாய். பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா ஒருவர். பாரீசிலிருந்து அவர் மகன் அனுப்பும் பார்சலில், சாமான் உடையாமலிருக்க விளையாட்டுப் பத்திரிகையைச் சுற்றியிருப்பான். சாமான் அவருக்கு, தாள் நமக்கு. பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் நீ. கசங்கலை நீவி நீ வாசிப்பாய், நான் நோட்டில் கோடு போடுவேன்.

அந்தத் தாள்களில் இரண்டு இளம் ஸ்டாப்பர்கள் அடிக்கடி வந்தார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. படத்தைப் பார்த்து நெட்டையன், சுருட்டை என்று வைத்தோம். பந்தைப் பறித்தான் என்று செய்தியில் வந்தால் ஒரு கோடு. சுருட்டைக்குக் கோடு பக்கம் கொள்ளவில்லை. நெட்டையனுக்கு ஆட்டத்துக்கு ஒன்று, இல்லையென்றால் அதுவும் இல்லை. எனக்குத் தீர்ப்பு சுலபமாக இருந்தது. உனக்கு?

"நெட்டையன் டீமு கோலே வாங்கலியேடா முரளி. அப்ப யாரு தடுத்தா, காத்தா?"

"பேப்பர்ல இல்லாதத நான் எப்புடி எண்ணுறது?"

"ஒன் மில்லுல எதடா நல்ல மெஷினும்ப? மெக்கானிக்கு தெனம் ஓடி ஓடிப் பாக்குற மெஷினயா?"

"மெஷினும் ஆளும் ஒண்ணா? போடா, பெரிய இவன்."

பாலிடெக்னிக் முடித்து நூல் மில்லில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். எதில் நூல் குறைவாக அறுகிறதோ அதுதான் நல்ல மெஷின் என்று ஷிப்டுக்கு ஷிப்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். அந்தப் புத்தியை மில் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்து உன்னிடம் கத்தினேன்.

அதோடு நின்றிருக்கலாம். போன வருடம் பாண்டிச்சேரி அணித் தேர்வுக்கு நம் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஸ்டாப்பரை அனுப்பலாம் என்றார்கள். நீயா, கிளிஞ்சல்மேட்டு வேலுவா என்று செயலாளருக்குக் குழப்பம். யாரும் கேட்காமல் நானே முன்னால் போய், "கணக்குப் பண்ணித் தர்றேன் சார்" என்றேன். மூன்று ஆட்டம் கோட்டோரம் உட்கார்ந்து எண்ணினேன். வேலு நாற்பத்தொன்று. நீ ஒன்பது. சார்ட்டாக வரைந்து கிளப் சுவரில் ஒட்டினேன். தேர்வுக்கு வேலு போனான். சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்கவில்லை என்று என்னை மெச்சினார்கள். அது எனக்கு இனித்தது.

நீ அதைப் பார்த்தாய். "கூட்டல்ல தப்பு இல்லடா" என்று மட்டும் சொன்னாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அப்புறம் மைதானத்துக்கு நீ வரவேயில்லை. நடவு வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்து கூப்பிட எனக்கு என்ன கேடு? மாசியில் மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாய் நீ படுத்திருந்தபோதும் பந்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

உன்னைக் கொன்றேன் என்றெல்லாம் நாடகம் போட மாட்டேன். கொன்றது ஈரல். ஆனால் உனக்கு மிச்சமிருந்த கொஞ்ச நாளில் பந்தே இல்லாமல் பண்ணியது நான்.

இன்று வேலுவை வேறு மாதிரி எண்ணினேன். ஒவ்வொரு சறுக்கலுக்கும் முன்னால் அவன் எங்கே நின்றான் என்று குறித்தேன். பதினேழில் பன்னிரண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததால் ஓடிவந்து விழுந்தவை. நல்ல பையன், உயிரைக் கொடுத்து ஓடுகிறான். நீயாக இருந்தால் அங்கே முன்பே நின்றிருப்பாய். பந்து வேறு பக்கம் போயிருக்கும். எனக்குக் கோடு போட ஒன்றும் இருந்திருக்காது.

உன் ஆட்டத்தையும் இப்படி எண்ணலாம் என்று பழைய நோட்டைப் பிரித்தேன். ஒன்பது கோடு இருக்கிறது. நீ எங்கே நின்றாய் என்று ஓரிடத்திலும் இல்லை. உன்னைப் பார்த்ததும் எத்தனை பேர் பந்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்? மைதானத்தில் எல்லாரையும் கேட்டுவிட்டேன். விழாமல் போன கோலை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இதை இனி மீட்க முடியாது, குணா. நான் படித்த படிப்பில் இதற்கு வழி இல்லை.

போன வருடம் நான் போட்ட சார்ட் தப்பு என்று செயலாளரிடம் சொன்னேன். "செத்தவனுக்கு எதுக்குத் தம்பி சார்ட்டு? இந்த வருஷத்துக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. ஒங்க கணக்கப் பாத்துட்டுப் பசங்க என்னமா விழறானுவ!" என்று சிரித்தார். உண்மைதான். நிற்கப் பழகும் முன்பே எல்லாரும் விழப் பழகுகிறார்கள்.

நேற்று அத்தை கேட்டார்கள்: "நல்லாத்தானே ஆடுனான், ஏன் தம்பி அவன எடுக்கல? நீ கூடவே இருந்தியே, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியல அத்த" என்றேன். இரண்டாவது தடவை கேட்பதற்குள் கிளம்பி வந்துவிட்டேன்.

இனிச் செய்யப்போவதைக் கீழே எழுதுகிறேன். இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் செய்வேன், சத்தியம்.

1. இந்த வருடத் தேர்வுக்குச் சார்ட் போட மாட்டேன். வேறு எவனாவது போடுவான். அதைத் தடுக்க என்னால் ஆகாது.

2. வேலுவிடம் அந்தப் பன்னிரண்டைச் சொல்வேன். உன் இடத்துக்கு அவன் வந்தது அவன் தப்பு இல்லை என்பதையும் சொல்வேன்.

3. மலரில் இது வரும் முன் அத்தை முன்னால் உட்கார்ந்து முழுவதும் வாசிப்பேன். பாதியில் எழுந்து ஓட மாட்டேன். அதன் பிறகு அந்த வாசலை நான் மிதிக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன்.

உன் மாமன் மகன்,
முரளி