பின்சீட்டுக்கு அடியில் ஓடும் கேபிள்

வெர்ன்,

உன் மஸ்டாங் கார் இன்றைக்கு ஸ்டார்ட் ஆகாது. பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி என்னோடு எடுத்துப் போகிறேன்.

பேட்டரியை நீ டிக்கிக்கு மாற்றிய அன்றே சொன்னேன், தகட்டின் பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட்டை முறுக்கினால் எர்த் பிடிக்காது என்று. பத்தொன்பது வருஷமாக வேலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரி பார்க்கிறவளிடம், உன் கூட்டாளிகள் முன்னால், "நீ டார்ச்சைப் பிடி, அது போதும்"னு சொன்னாய். கார் கிளம்பாதபோதெல்லாம் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் காரணம் என்று இரண்டை மாற்றிப் பார்த்தாய். நேற்று உன் கூட்டாளி லைல் வந்து அதையே சொன்னதும் சுரண்டினாய். அவனுக்கு பீர் வேறு.

இப்போது எர்த் நன்றாகப் பிடிக்கிறது. என் பயமே அதுதான். டிக்கியிலிருந்து முன்னால் இன்ஜினுக்குப் போகும் கேபிளுக்கு ஃபியூஸ் இல்லை. பின்சீட்டுக்கு அடியில், ரப்பர் வளையம்கூடப் போடாமல் தகட்டு ஓட்டையில் நுழைத்திருக்கிறாய். உறை தேய்ந்து செம்பு தெரிகிறது. அது தகட்டில் பட்டால், எர்த் சரியாக இருப்பதால் இனி முழுக் கரண்ட்டும் பாய்ந்து சீட் பற்றி எரியும். அந்தச் சீட்டில்தான் நம் மகள் டெஸ்ஸாவை இன்று கல்யாண கவுனோடு உட்கார வைக்க இருந்தாய்.

அவளை என் பிக்கப் வண்டியில் கூட்டிப் போகிறேன். பதினொரு மணிக்குள் சர்ச்சுக்கு வந்துவிடு. லைலைக் கூப்பிட்டு அவன் வண்டியில் வா, அவன் சொன்னால்தான் கிளம்புவாய். சாப்பிட மீட்லோஃப் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பி.கு. நகத்து கிரீஸைத் தேய்த்துக் கழுவு. அவள் கையைப் பிடித்து நடக்கப்போகிறவன் நீ.

இன்னொன்று. "ஏம்மா, அப்பா கார்ல போகலையா?"னு டெஸ்ஸா கேட்டாள். "பேட்டரி இறங்கிடுச்சுடி"னு சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

ரோண்டா